திருப்பி வாசிக்காத ஒரு தாள்

போன கிழமை நிரோஷா வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தாள். வெள்ளவத்தையில் நான் இருபத்தெட்டு வருடம் வேலை செய்த மொழிபெயர்ப்பு அலுவலகத்தை இப்போது நடத்துவது அவள்தான்.

"பிலோ மிஸ், இப்ப போன்ல போட்டா ஒரு செக்கன்ல இங்கிலிஷ் வந்திருது. ஆனா கிட்டக்கிட்ட இருக்கிற சொல்லுகள்ல மாறிப் போகுது. சேரோட கொப்பி உங்கட்டத்தானே இருக்கு? அதில இருக்கிற சொல்லெல்லாத்தையும் ஒரு லிஸ்டாப் போட்டுத் தாங்களேன். புதுசா வந்த ரெண்டு பேருக்கும் குடுக்கலாம்."

கேட்டவள் நல்ல பிள்ளை. மறுக்க மனமில்லாமல் சாப்பாட்டு மேசையில் ஹனிபா சேரின் குறிப்புக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏழு சோடிச் சொற்கள் எழுதினேன். எட்டாவதில் பேனா நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், திரும்பப் போட்டேன், பிறகு கொப்பியை மூடிவிட்டுக் குசினிக்குப் போய்விட்டேன். அந்த எட்டாவது சோடியைப் பட்டியலில் வெறுமனே ஒரு வரியாக எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால், நிரோஷா, லிஸ்டுக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். நீளமாக இருக்கிறது என்று முறைப்பாடு வைக்காமல் வாசி.

நான் கொட்டாஞ்சேனைக்காரி. தட்டச்சும் சுருக்கெழுத்தும் படித்துவிட்டு, காலி வீதியில் ஒரு சாரிக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த அலுவலகத்துக்குத் தட்டச்சாளராகப் போனேன். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, பொலிஸ் முறைப்பாடு, சத்தியக் கடதாசி என்று வெளிநாடு போகிறவர்களின் வாழ்க்கை முழுவதும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு அந்த மாடியில்தான் மாறும். ஒன்பது வருடம் தட்டச்சு, இடையில் பரீட்சைகள், கடைசியில் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்ற பெயரும் ஒரு வட்ட முத்திரையும் கிடைத்தன. அந்த ஒன்பது வருடத்தைப் பற்றிச் சொல்ல இதற்குமேல் ஒன்றும் இல்லை.

அலுவலகத்தின் சொந்தக்காரர் ஹனிபா சேர். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மெலிந்த உடம்பு, எப்போதும் வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. கோபம் வந்தால் குரல் குறையும். நாங்கள் செய்த பிழை பெரிதென்றால் அவர் சொல்வது காதில் விழாது, கிட்டப் போய்க் கேட்க வேண்டும்.

அவரிடம் அகராதிகள் இருந்தன. ஆனாலும் நம்பியது ஒரு கறுப்பு மட்டைக் கொப்பியைத்தான். ஒன்றுபோலத் தோன்றி நம்மை ஏமாற்றும் ஆங்கிலச் சொற்களைச் சோடி சோடியாக அதில் எழுதி வைத்திருந்தார். பொருளுக்குப் பக்கத்தில், அந்தச் சொல் யாருடைய கடதாசியில் சறுக்கியது என்றும் ஒரு வரி இருக்கும்.

தெமட்டகொடையிலிருந்து ஒரு ரயில்வே ஊழியர் வந்தார். நெரிசலான பெட்டியில் அவருடைய பையிலிருந்து கடவுச்சீட்டு காணாமல் போய்விட்டது. நான் 'ரொபரி' என்று அடித்தேன். சேர் அவரைப் பார்த்துக் கேட்டார்.

"யாரும் அடிச்சாங்களா? கத்தி கித்தி காட்டினாங்களா?"

"இல்ல சேர், எடுத்ததே தெரியாது."

"அப்ப இது 'தெஃப்ட்', மகள். பயமுறுத்திப் பறிச்சாத்தான் 'ரொபரி'. வீடு உடைச்சு உள்ளுக்கு வந்தா 'பேர்க்லரி'. தமிழ்ல எல்லாத்தையும் களவு எண்டு சொல்லிட்டுப் போயிரலாம். அங்க வெளிநாட்டுக் கந்தோர்ல உள்ளவன் கத்தி எங்கே, காயம் எங்கே எண்டு கேப்பான்."

இன்னொரு முறை, ஒரு ஆசிரியைக்குப் பாடசாலை கொடுத்த நற்சான்றுக் கடிதம். 'குழந்தை உள்ளம் கொண்டவர்' என்று தமிழில் அழகாக இருந்தது. நான் 'சைல்டிஷ்' என்று போட்டேன். குழந்தையின் கள்ளமில்லாத மனம் என்றால் 'சைல்ட்லைக்'. வளர்ந்த ஆள் குழந்தைப்பிள்ளை மாதிரி அடம்பிடித்தால்தான் 'சைல்டிஷ்'. நல்லவேளை, தாள் வெளியே போகுமுன் பிடிபட்டது. அந்த ஆசிரியை விழுந்து விழுந்து சிரித்தார். வீட்டில் கணவரும் அதைத்தான் சொல்கிறார், அப்படியே விட்டுவிடுங்கள் என்றார்.

பிடிபட்டதற்குக் காரணம் கொப்பி இல்லை. சேரிடம் இருந்த ஒரு வழக்கம். அதைத் திருப்பி வாசிப்பது என்போம்.

ஆங்கிலத்தில் அடித்து முடித்த தாளை வாடிக்கையாளருக்கு முன்னால் வைத்து, ஒவ்வொரு வரியாகத் திரும்பத் தமிழில் சொல்ல வேண்டும். மொழிபெயர்த்தவர் அதைச் செய்யக் கூடாது. மற்றவர்தான் செய்ய வேண்டும். மொழிபெயர்த்தவருக்குத் தான் நினைத்ததுதான் கண்ணில் படும், எழுதியது படாது என்பார் சேர். தமிழ் மூலத்தைப் பார்க்காமல், ஆங்கிலத்தில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் பச்சையாகச் சொல்ல வேண்டும். கேட்கிறவர், ஓம், இது என்னுடைய கதைதான் என்று சொன்ன பிறகுதான் முத்திரைப் பெட்டி திறக்கும். ஆசிரியைக்கு முன்னால் சேர் வாசித்தது, "இவர் சிறுபிள்ளைத்தனமானவர்" என்று. அப்படித்தான் அது அகப்பட்டது.

அலுவலகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். அதனால் வெள்ளிக்கிழமைகளில் சேர் ஜும்மாவுக்குப் போனால், திருப்பி வாசிக்க ஆள் இல்லை. பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை முத்திரை வேலை கிடையாது. வந்தவர்கள் வாங்கில் குந்தியிருந்து கடலோர ரயில்களை எண்ணிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அந்த இரண்டு மணித்தியாலமும் வீண் என்று தோன்றும். முத்திரை கைக்கு வந்த புதிதில் அந்த எண்ணம் இன்னும் கூடியது. எனக்குச் சொந்தமாக முத்திரை இருக்கும்போது ஏன் காத்திருக்க வேண்டும் என்று மனதுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை நண்பகல்தான் ரீட்டா வந்தாள்.

மட்டக்குளியில் மீன் வியாபாரம் செய்கிற குடும்பம். கணவனுக்கு வெளிநாட்டில் நிரந்தர வதிவிடம் கிடைத்து, ரீட்டாவும் பிள்ளைகளும் போகிற ஏற்பாடு நடந்தது. கூடவே தங்கை மகள் ஷெரினையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஷெரினுக்கு அப்போது பத்து வயது. தகப்பன் இறந்த பிறகு, தாய் ஜெசிந்தா பிள்ளையை அக்காவிடம் விட்டுவிட்டு மத்திய கிழக்கில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போயிருந்தாள். போய் நாலு வருடம். இதையெல்லாம் ரீட்டா ஒரு சத்தியக் கடதாசியாகத் தமிழில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். அதில் ஒரு வரி: 'என் தங்கை பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு வெளிநாடு சென்றுவிட்டார்.'

"மிஸ், இண்டைக்கே வேணும். ரெண்டு மணிக்குள்ள ஏஜென்ட்டுட்டக் குடுக்கணும்," என்றாள். "தாய் இருக்கிறா எண்டா நிறையக் கேள்வி கேப்பாங்களாம். கொஞ்சம் உரமான சொல்லாப் போடுங்க மிஸ். பிள்ளைய விட்டிட்டு நான் எப்பிடிப் போறது?"

கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கியது. பாவம், உதவி செய்வோம் என்று நினைத்தேன். 'அபாண்டன்ட்' என்று அடித்தேன். கைவிட்டுவிட்டார் என்று பொருள். 'அக்காவின் பராமரிப்பில் விட்டுச் சென்றார்' என்று எழுத எனக்குத் தெரியாமல் இல்லை. இந்தச் சொல் பலமாக இருந்தது, அவ்வளவுதான். மணி ஒன்று இருபது. திருப்பி வாசிக்க ஆள் இல்லை. என் முத்திரையை எடுத்துக் குத்தினேன். ரீட்டா என் கையைப் பிடித்துக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினாள். சேர் வந்ததும் நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று மாதம் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒரு பெண் படியேறி வந்தாள். கறுத்து மெலிந்த உருவம், புதுச் செருப்பு. பின்னால் ரீட்டா தலை குனிந்து நின்றாள். வந்தவள் கைப்பையிலிருந்து ஒரு போட்டோ கொப்பியை எடுத்து என் மேசையில் வைத்தாள். என் முத்திரை அதில் கறுப்பாகத் தெரிந்தது.

"நான் ஷெரின்ட அம்மா, மிஸ். ஜெசிந்தா," என்றாள். "முப்பது நாள் லீவில வந்திருக்கிறன். பிள்ளை அக்காவோட போறதுக்கு நான் கையெழுத்து வைக்கணும் எண்டுதான் வந்தன். விசா கந்தோருக்குப் போனா என்ட கையெழுத்து செல்லாதாம். இந்தப் பேப்பர்ல இருக்கிற சொல்லால பிள்ளைக்கு ஆள் இல்லை எண்டு ஆயிட்டாம். பிள்ளையளப் பாக்கிற நன்னடத்தைக் கந்தோரில இருந்து கடிதமும் வந்திருக்கு. அவங்க விசாரிச்சு முடியும் வரைக்கும் பிள்ளைய ஹோம்ல விடச் சொல்லுவாங்களோ தெரியாது."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். தாளில் ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

"இதுதான் அந்தச் சொல்லாம். இதுக்கு என்ன மிஸ் அர்த்தம்?"

சேர் எழுந்து வந்து தாளைப் பார்த்தார். திகதியைப் பார்த்தார். சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார். அது எந்தக் கிழமை என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. அவர் சொன்னதைக் கேட்க நான் கிட்டப் போக வேண்டியிருந்தது.

"நீங்களே வாசிச்சுக் காட்டுங்க மகள்."

மொழிபெயர்த்தவர் வாசிக்கக் கூடாது என்ற விதியை அவர் மீறியது, நான் பார்க்க, அந்த ஒரு நாள்தான்.

தாளை எடுத்தேன். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் தமிழில் சொன்னேன். குரல் ஒழுங்காகத்தான் இருந்தது. அந்த வரி வந்தது. இவ்வளவு காலமும் எத்தனையோ பேருடைய கடதாசிகளை வாசித்தவள் நான். ஒரு தாயின் முகத்தைப் பார்த்து, "என் தங்கை ஜெசிந்தா, தன் பிள்ளையைக் கைவிட்டுவிட்டார்" என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

கீழே வீதியில் பஸ் கொண்டக்டர் ஒருவர் கல்கிசை, மொரட்டுவை என்று கத்திக்கொண்டிருந்தார். அது முழுவதும் கேட்டது.

முதலில் அழுதது ரீட்டா. "எனக்கு இங்கிலிஷ் தெரியாதே மிஸ். அண்டைக்கு இப்பிடி வாசிச்சுக் காட்டியிருந்தீங்க எண்டா நான் விட்டிருக்க மாட்டேனே. அவ ஞாயித்துக்கிழமையில வேலை செய்யிற வீட்டு நோனாட்டக் கெஞ்சி அஞ்சு நிமிஷம் பிள்ளையோட கதைப்பா. அதுக்காகப் பிள்ளை பூசை முடிஞ்ச கையோட வீட்டுக்கு ஓடி வரும்."

ஜெசிந்தா அழவில்லை. "நாலு வருஷம் வேற பிள்ளையள வளத்தன்," என்றாள். எனக்கு அந்த மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

அவர்களுக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து அமர்த்திவிட்டு, சேர் உள்ளறையில் இருந்து ஒரு கடிதம் எழுதிக் கொண்டுவந்தார். விசா அலுவலகத்துக்கு ஒன்று, நன்னடத்தை அலுவலகத்துக்குப் பிரதி, எனக்கு முத்திரை தந்த நீதிமன்றத்துக்கும் பிரதி. தட்டச்சுப் பிழை நேர்ந்துவிட்டது, அதற்காக எங்கள் அலுவலகம் வருந்துகிறது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். 'ரிக்ரெட்' என்ற சொல்லைப் போட்டிருந்தார்.

அவருடைய கொப்பியில் அந்தச் சோடி இருந்தது. 'ரிக்ரெட்' என்றால் நடந்ததை நினைத்து மனம் வருந்துவது. மழை வந்து கூட்டம் நின்றுபோனாலும் அதைச் சொல்லலாம். 'அப்பொலஜைஸ்' என்றால், பிழை செய்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்பது. இவ்வளவு வருடம் ஒரு சொல்லுக்காக எங்களை உலுக்கி எடுத்த மனிதர், அன்றைக்குத் தெரிந்துகொண்டே தளர்வான சொல்லைப் போட்டிருந்தார். என்னுடைய முத்திரை போய்விடக் கூடாது என்பதற்காக.

"சேர், இது தட்டச்சுப் பிழை இல்ல," என்றேன். "எழுத்து மாறி இந்தச் சொல் வராது. வாசிக்கிறவங்களுக்கு அது விளங்கும். பிறகு ஜெசிந்தா சொல்றதையும் நம்ப மாட்டாங்க."

"முத்திரைய எடுத்துட்டா என்ன செய்வீங்க? ஒன்பது வருஷம்."

"தட்டச்சு தெரியும்தானே சேர்."

சேர் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, பேனாவை என் பக்கம் தள்ளினார்.

நான் புதிதாக அடித்தேன். மூலத்தில் இல்லாத பொருள் கொண்ட சொல்லை நானே தெரிந்து போட்டேன், வாடிக்கையாளருக்கு வாசித்துக் காட்டாமல் முத்திரை குத்தினேன், தாய்க்கும் பிள்ளைக்கும் நேர்ந்ததற்கு நானே பொறுப்பு, மன்னிப்புக் கேட்கிறேன் என்று. சரியான மொழிபெயர்ப்பையும் இணைத்தேன். சேர் அதை வாங்கி, வழக்கம்போல ஜெசிந்தாவுக்குத் தமிழில் ஒவ்வொரு வரியாகச் சொன்னார். ஜெசிந்தா தலையாட்டினாள். அன்றைக்கு அந்தத் தலையாட்டல் எனக்குப் போதுமாக இருந்தது.

விசாரணை முடியும் வரை முத்திரையைப் பயன்படுத்த வேண்டாம் என்று எனக்குக் கடிதம் வந்தது. நான் முத்திரையைச் சேரின் மேசை லாச்சியில் வைத்துப் பூட்டித் திறப்பை அவரிடமே கொடுத்தேன். ஐந்து மாதம் கழித்து, கடுமையான எச்சரிக்கையோடு திரும்பக் கிடைத்தது. அதற்கு வெகு முன்பே, ஜெசிந்தா இங்கே இருந்தபோதே, நன்னடத்தை அலுவலகத்து அம்மா ஒருவர் மட்டக்குளிக்கு வந்து வீட்டைப் பார்த்தார், பிள்ளையோடு தனியாகக் கதைத்தார், விசாரணைக் கோவையை மூடினார். இனித் தாயின் சம்மதக் கடதாசி ஒன்று போதும் என்று விசா அலுவலகத்திலும் சொன்னார்கள். ஜெசிந்தாவின் லீவில் மிச்சம் ஆறு நாள் இருந்தது.

கதை அத்தோடு சுபமாக முடிந்துவிடும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஆனால் சம்மதக் கடதாசி எழுத வந்த அன்று, ஜெசிந்தா வாங்கில் இருந்தபடியே எழும்பவில்லை. பக்கத்தில் ஷெரின், பாடசாலைச் சீருடையோடு.

"என்னால ஏலாம இருக்கு மிஸ்," என்றாள். "முந்தி எனக்கு ஒரு யோசனையும் இருக்கல்ல. அக்காவோட போனா பிள்ளை படிக்கும், நான் இன்னும் ரெண்டு வருஷத்தில கணக்க முடிச்சிட்டு வந்திருவன் எண்டு நானேதான் சொன்னனான். இப்ப இதில கையெழுத்து வச்சா, அந்தச் சொல் உண்மையாப் போயிடுமே. அவங்க எழுதினதுதான் சரி எண்டு ஆயிடுமே."

நான் போட்ட சொல் தாளிலிருந்து நீங்கிவிட்டது, அவளிலிருந்து நீங்கவில்லை. அவள் மனமொப்பி எடுத்த முடிவை அது வந்து கறைப்படுத்தியிருந்தது. கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டால் எல்லாம் நேராகிவிடும் என்று நினைத்திருந்தேன்.

சேர் தன் கதிரையை இழுத்துக்கொண்டு போய் வாங்குக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். வாடிக்கையாளருக்குப் பக்கத்தில் அவர் அப்படிப் போய் உட்கார்ந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"இங்க பாருங்க தங்கச்சி," என்றார். "ஒரு சொல் இருக்கு, 'என்ட்ரஸ்ட்' எண்டு. நம்பி ஒப்படைக்கிறது. கைவிடுறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் என்ன தெரியுமா? கைவிட்டதத் திரும்பக் கேக்க ஏலாது. ஒப்படைச்சதக் கேக்கலாம். எப்பவும் கேக்கலாம். வாங்கினவங்க தந்துதான் ஆகணும். நீங்க ஓம் எண்டா அதத்தான் போடுவேன்."

நான் பட்டியலில் எழுத முடியாமல் விட்ட அந்த எட்டாவது சோடி இதுதான், நிரோஷா. ஷெரின்தான் சேரைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப அம்மா வரச் சொன்னா நான் வரலாமா?"

"வரலாம் மகள். தாள்லயே எழுதிருவோம்."

அன்றைக்கு மொழிபெயர்த்தது சேர். முத்திரை வைக்க இருந்ததும் அவர். அதனால் விதிப்படி திருப்பி வாசிக்க வேண்டியது நான். மூலத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். "ஜெசிந்தா ஆகிய நான், என் மகள் ஷெரினை, நான் திரும்பக் கேட்கும் வரைக்கும், என் அக்காவிடம் நம்பி ஒப்படைக்கிறேன்."

ரீட்டா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். ஷெரின் தலையாட்டினாள். தாய்க்காகத் தானும் கேட்டு ஒப்புக்கொள்ள வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளாகவே ஆட்டினாள். நான் அதை நன்றாகப் பார்த்தேன்.

ஜெசிந்தா பேனாவைக் கையில் எடுத்தாள். பிறகு கீழே வைத்தாள்.

"இன்னொருக்கா வாசிங்க மிஸ்," என்றாள். "பிள்ளைக்குச் சரியாக் கேட்டிருக்காது."

நான் இன்னொரு முறை வாசித்தேன்.